மெயின் பேனலில் காரணம் தெரியாமல் விழும் எர்த் ஃபால்ட் டிரிப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜவுளிக்கடை, திருமண மண்டபம், தனியார் மருத்துவமனை, அலுவலகக் கட்டிடம் என்று எங்கே பேனல் வேலைக்குப் போனாலும், பராமரிப்பு எலக்ட்ரீஷியன்களும் கட்டிட மேலாளர்களும் ஏறத்தாழ இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை வைத்து, நான் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். பேனலைத் திறந்து செய்யும் எந்த வேலையையும் உரிமம் பெற்றவர்கள் மட்டுமே, சப்ளையை நிறுத்திப் பூட்டிய பிறகே செய்ய வேண்டும்.

எர்த் ஃபால்ட் டிரிப் என்றால் என்ன? ஓவர்லோடு டிரிப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஓவர்லோடு என்பது ஒரு ஃபேஸில் போகும் மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சுவது. எர்த் ஃபால்ட்டில் மின்னோட்டத்தின் அளவு முக்கியமில்லை, கணக்கு நேராகிறதா என்பதுதான் முக்கியம். மூன்று ஃபேஸ்களிலும் நியூட்ரலிலும் ஓடும் மின்னோட்டங்களைத் திசையோடு சேர்த்துக் கூட்டினால், நல்ல நிலையில் உள்ள கட்டிடத்தில் விடை பூச்சியத்தை ஒட்டி இருக்கும். போனதெல்லாம் அந்த நான்கு கம்பிகள் வழியாகவே திரும்பிவிட்டது என்று அதற்குப் பொருள். விடை பூச்சியமாக இல்லையென்றால், ஒரு பகுதி வேறு வழியில், அதாவது எர்த் வழியில் திரும்புகிறது. அந்த வித்தியாசம் செட்டிங்கைத் தாண்டினால் பிரேக்கர் விழும், அதாவது தானாகவே சப்ளையைத் துண்டிக்கும்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள எல்லாப் பதில்களும் எளிதில் விளங்கும். கணக்கு தவறுவதற்கு உண்மையான பழுதும் காரணமாகலாம், நியூட்ரல் தவறான இடத்தில் எர்த்தோடு சேர்ந்திருப்பதும் காரணமாகலாம், கணக்கெடுக்கும் சிடியே (மின்னோட்டத்தை அளக்கும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) தவறாக மாட்டப்பட்டிருப்பதும் காரணமாகலாம்.

பிரேக்கர் விழுந்தது எர்த் ஃபால்ட்டில்தான் என்று எப்படி உறுதி செய்வது?

ஏசிபி எனப்படும் பெரிய மெயின் பிரேக்கரின் ரிலீஸில், அதாவது அதை விழவைக்கும் பகுதியில், எல், எஸ், ஐ, ஜி என்ற நான்கு எழுத்துகளுக்குப் பக்கத்தில் விளக்குகள் இருக்கும். ஜி எரிந்தால் எர்த் ஃபால்ட். திரை உள்ள ரிலீஸாக இருந்தால் கடைசி டிரிப்பின் நேரமும், அப்போது ஒவ்வொரு ஃபேஸிலும் ஓடிய ஆம்பியரும் பதிவாகியிருக்கும். தனி எர்த் லீக்கேஜ் ரிலே இருந்தால் அதன் விளக்கைப் பாருங்கள். ரீசெட் பட்டனை அழுத்தும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பல இடங்களில் வாட்ச்மேன் ஓடிப்போய் ரீசெட் செய்துவிடுவதால், நான் போய்ச் சேரும்போது எந்தத் தடயமும் மிஞ்சியிருப்பதில்லை.

ரீசெட் செய்து போட்டால் நிற்கிறது. அப்படியே ஓட்டலாமா?

ஒருமுறை போட்டுப் பார்ப்பதாக இருந்தாலும், அதற்கு முன் வெளிச்செல்லும் ஃபீடர்கள் (மாடிகளுக்கும் கருவிகளுக்கும் போகும் லைன்கள்) அனைத்தையும் ஆஃப் செய்துவிட்டு மெயினை மட்டும் போடுங்கள். பிறகு ஒவ்வொரு ஃபீடராகப் போட்டு, எதைப் போட்டபோது விழுகிறது என்று எழுதி வையுங்கள். எந்த ஃபீடரிலும் விழாமல் நின்றுவிட்டால், பழுது இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. அந்த நேரத்தில் ஓடாத ஏதோ ஒரு மோட்டாரோ ஹீட்டரோ விளக்குப் பலகையோ காரணமாக இருக்கலாம்.

விழுந்த ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், மழையா வெயிலா, ஈபியா ஜெனரேட்டரா, லிஃப்ட்டும் ஏசியும் ஓடினவா என்பதை ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்வேன். அப்படிப் பத்து வரி சேர்ந்த ஒரு நோட்டு, அரை நாள் சோதனையை மிச்சப்படுத்தியிருக்கிறது.

அடிக்கடி விழுகிறதே, செட்டிங்கை ஏற்றிவிடலாமா? அல்லது எர்த் ஃபால்ட்டை ஆஃப் செய்துவிடலாமா?

ஆஃப் செய்யவே கூடாது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே தீப்பொறியாகப் பற்றும் பழுதில், அந்தப் பொறியின் தடையே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திவிடுவதால், ஓவர்லோடு ரிலீஸும் ஷார்ட் சர்க்யூட் ரிலீஸும் அதைச் சுமையாகவே கருதி விட்டுவிடும். பேனல் உள்ளேயே உருகிக்கொண்டிருக்கும்போதும் பிரேக்கர் விழாமல் நிற்கும். அமெரிக்காவில் 480 வோல்ட் மெயின் பேனல்கள் இப்படி எரிந்துபோனதால்தான், 1,000 ஆம்பியரும் அதற்கு மேலும் உள்ள மெயின்களுக்கு எர்த் ஃபால்ட் காப்பு வேண்டும் என்று அந்நாட்டு மின் விதித்தொகுப்பு 1971-இல் கட்டாயமாக்கியது. நம் நாட்டிலும் மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிமுறைகளும், அவற்றின் இடத்தில் வந்த 2023 விதிமுறைகளும் எர்த் லீக்கேஜ் காப்பைக் கேட்கின்றன.

செட்டிங்கை ஏற்றுவது வேறு விஷயம். தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே மிகக் குறைந்த அளவிலும் மிகக் குறைந்த தாமதத்திலும் விடப்பட்ட பிரேக்கர்கள் ஏராளம். அவற்றைக் கட்டிடத்துக்கு ஏற்றபடி அமைப்பது சரியான வேலைதான். ஆனால் அளந்து பார்த்த பிறகே அதைச் செய்ய வேண்டும். காரணம் தெரியாமல் ஏற்றினால் டிரிப் நிற்கும், பழுது உள்ளேயே இருக்கும்.

மெக்கர் போட்டுப் பார்த்துவிட்டோம். எல்லா ஃபீடரும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் விழுகிறதே?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். பெரும்பாலும் இங்கே, இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் மட்டுமே போடப்பட்டிருக்கும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே யாரும் போட்டிருக்க மாட்டார்கள். நியூட்ரல், டிரான்ஸ்ஃபார்மரின் மூன்று சுருள்களும் சேரும் ஸ்டார் புள்ளியில் மட்டும்தான் எர்த்தோடு சேர வேண்டும். மாடியில் உள்ள ஒரு டிபியில் (விநியோகப் பெட்டியில்) இன்னொரு முறை சேர்ந்துவிட்டால், திரும்பி வரும் நியூட்ரல் மின்னோட்டம் இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி எர்த் பட்டை வழியே போய்விடும். மெயினில் உள்ள சிடி பார்க்காத அந்தப் பகுதிதான் எர்த் ஃபால்ட்டாகத் தெரிகிறது. எந்தக் கம்பியிலும் இன்சுலேஷன் கெட்டிருக்காது.

ஒரு ஜவுளிக்கடையில் மெயின் பேனலின் எர்த் லீக்கேஜ் ரிலே 3 ஆம்பியரில் வைக்கப்பட்டிருந்தது. மாலை ஆறரை மணிக்கு மேல், கூட்டம் நிறைந்து எல்லா மாடி விளக்குகளும் எரியும் நேரத்தில்தான் அது விழும். மூன்று நாள் தேடிய பிறகு, நான்காவது மாடியில் கணினி சர்வர் வைத்திருந்த சிறிய அறையின் டிபியைத் திறந்தோம். நியூட்ரல் லிங்க்கின் கடைசி திருகில் இருந்து எர்த் பட்டைக்கு, விரல் நீளத்தில் ஒரு பச்சைக் கம்பி வளைத்து முறுக்கப்பட்டிருந்தது. சர்வர் பொருத்த வந்தவர்கள் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறார்கள். வேலையை முடித்தால் போதும் என்று நினைத்த ஒருவர் இரண்டையும் இணைத்துவிட்டார். மீட்டரில் பூச்சியம் காட்டியிருக்கும், எல்லோருக்கும் திருப்தி. அந்தக் கம்பியை எடுத்த அன்றே டிரிப் நின்றது. சர்வருக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைத்து, அதன் வெளிப்பக்க நியூட்ரலை முறைப்படி எர்த் செய்து கொடுத்தோம். அது தனி மூலம் ஆகிவிடுவதால் மெயின் கணக்கைக் கெடுக்காது.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உண்மையான எர்த் ஃபால்ட் வரும்போது, அதே இணைப்பு வழியாகப் பழுது மின்னோட்டத்தின் ஒரு பகுதி நியூட்ரலில் ஏறிச் சிடிக்குள் திரும்பிவிடும். ரிலே அந்த அளவு குறைவாகவே பார்க்கும். தேவையில்லாதபோது விழும் அதே பேனல், தேவைப்படும்போது விழாமலும் போகலாம்.

அந்த இரண்டாவது இணைப்பு எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் சப்ளை இருக்கும்போதே ஒரு சோதனை. கம்பியைச் சுற்றிக் கவ்வி மில்லி ஆம்பியர் காட்டும் லீக்கேஜ் டாங் டெஸ்டரை எடுத்து, ஒரு ஃபீடரின் மூன்று ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து அதன் வாய்க்குள் கொண்டுவாருங்கள். எர்த் கம்பி வெளியே இருக்க வேண்டும். சில மில்லி ஆம்பியர் காட்டுவது வழக்கமானது. ஆம்பியர் கணக்கில் காட்டினால் அந்த ஃபீடரில் ஏதோ இருக்கிறது. அந்த மாடியின் விளக்குகளை அணைக்க அணைக்க அளவும் கூடவே இறங்கினால், அது நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்ததன் அடையாளம். விளக்குகளை எல்லாம் அணைத்தும் இறங்காமல், ஒரே ஒரு கருவியை நிறுத்தியதும் பூச்சியத்துக்கு வந்தால், பழுது அந்தக் கருவியில்.

இரண்டாவது சோதனைக்குக் கடை மூடிய பிறகு நேரம் வேண்டும். ஈபி, ஜெனரேட்டர், யுபிஎஸ் மூன்றையும் நிறுத்திப் பூட்டி, மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகு, மெயின் பேனலில் நியூட்ரல் லிங்க்கைக் கழற்றிக் கட்டிடத்தின் நியூட்ரலைத் தனியாக்குங்கள். இப்போது நியூட்ரல் பஸ்பாருக்கும் எர்த் பட்டைக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். ஓரிரு ஓம் காட்டினால், எங்கோ சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு ஃபீடரின் நியூட்ரலாகக் கழற்றிக்கொண்டே வந்தால், எதைக் கழற்றியபோது அளவு சட்டென்று ஏறுகிறதோ, அந்த மாடிக்குப் போக வேண்டும். அங்கேயும் இதே முறைதான்.

வேலை முடிந்து சப்ளை போடும் முன், கழற்றிய ஒவ்வொரு நியூட்ரலும் இறுக்கப்பட்டதா என்று இன்னொருவரை வைத்துச் சரிபாருங்கள். நியூட்ரல் விட்டுப்போன நிலையில் சப்ளை போட்டால், 230 வோல்ட் கருவிகளுக்கு 400 வோல்ட் வரை போய்விடும். ஒரு மாடியின் கணினிகளும் டிவிகளும் ஒரே நொடியில் போய்விடும்.

புதுப் பிரேக்கர் மாற்றிய பிறகுதான் விழ ஆரம்பித்தது. பிரேக்கரே பழுதா?

அநேகமாக இல்லை. ஃபேஸ்களை மட்டும் துண்டிக்கும் மூன்று போல் ஏசிபியில் ஃபேஸ் சிடிகள் உள்ளேயே இருக்கும், நியூட்ரல் சிடியை மட்டும் பஸ்பாரில் வெளியே மாட்டி இரண்டு கம்பி இழுக்க வேண்டும். அந்தச் சிடி மாட்டாமல் விடுபட்டிருக்கும், அல்லது திருப்பி மாட்டப்பட்டிருக்கும். அதன் உடலில் பி1, பி2 என்றும் முனைகளில் எஸ்1, எஸ்2 என்றும் பொறித்திருப்பார்கள். தூசியைத் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சப்ளையை நோக்க வேண்டும் என்று பிரேக்கரின் வரைபடம் சொல்லும்.

ஒரு கணக்கு. 11 கிலோவோல்ட்டை 433 வோல்ட்டாக்கும் 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரின் முழுச்சுமை சுமார் 667 ஆம்பியர். அதற்கு 800 ஆம்பியர் ஏசிபி. எர்த் ஃபால்ட் 20 சதவீதத்தில் இருந்தால் 160 ஆம்பியர். ஆர் ஃபேஸில் 200, ஒய் ஃபேஸில் 150, பி ஃபேஸில் 100 ஆம்பியர் ஓடினால் நியூட்ரலில் சுமார் 87 ஆம்பியர் வரும். சிடி சரியாக இருந்தால் மீதி பூச்சியம். சிடி இல்லையென்றால் ரிலே 87 ஆம்பியர் எர்த் ஃபால்ட் என்று நினைக்கும். இன்றைக்கு விழாது, சமமின்மை கூடும் நாளில் விழும். சிடி திரும்பியிருந்தால் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடும்: 173 ஆம்பியர், உடனே விழும். கணினியும் எல்இடி விளக்கும் நிறைந்த கட்டிடத்தில் மூன்றாம் ஹார்மோனிக் மின்னோட்டங்கள் நியூட்ரலில் ஒன்றோடொன்று கூடிக்கொள்வதால், ஃபேஸ்கள் சமமாக இருந்தாலும் நியூட்ரல் கனமாகவே இருக்கும். ஆகவே இந்தத் தவறு அங்கே இன்னும் சீக்கிரம் வெளிப்படும்.

சுமை ஓடும்போது சிடியின் இரண்டாம் பக்கக் கம்பியைக் கழற்றாதீர்கள். திறந்த முனைகளில் ஆளைக் கொல்லும் அளவுக்கு வோல்ட்டேஜ் எழும்.

ஈபியில் ஒன்றும் இல்லை. ஜெனரேட்டரில் ஓடும்போது மட்டும் விழுகிறது. ஏன்?

ஈபிக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் மூன்று போலா, நான்கு போலா என்று பாருங்கள். மூன்று போல் என்றால் இரண்டு மூலங்களின் நியூட்ரலும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் ஸ்டார் புள்ளியும் எர்த் ஆகியிருக்கிறது, ஜெனரேட்டரின் ஸ்டார் புள்ளியும் எர்த் ஆகியிருக்கிறது. ஆக, மேலே சொன்ன இரண்டாவது இணைப்பு தானாகவே உருவாகிவிட்டது. நியூட்ரல் மின்னோட்டத்தின் ஒரு பகுதி டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் வழியாகச் சுற்றிக்கொண்டு ஜெனரேட்டருக்கு வருகிறது. இரண்டு எர்த் அமைப்புகளையும் ஒரே பட்டையில் கட்டியிருந்தால் அந்தப் பகுதி பெரிதாகவே இருக்கும்.

ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த்தைக் கழற்றிவிட்டு டிரிப்பை நிறுத்திய இடங்களைப் பார்த்திருக்கிறேன். அது தவறு. மூன்று போல் சேஞ்ச்ஓவரில் டிரான்ஸ்ஃபார்மரின் எர்த்தை நம்பி ஓடும் அந்த ஜெனரேட்டர், நியூட்ரல் லிங்க் எங்காவது தளர்ந்தாலோ கழற்றப்பட்டாலோ எர்த்தே இல்லாத மூலமாகிவிடும். ஜெனரேட்டர் நியூட்ரலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் வேண்டும் என்பது விதி. சரியான தீர்வு, நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் நான்கு போல் சேஞ்ச்ஓவர்.

கேபிள் முழுவதையும் சிபிசிடிக்குள் விட்டிருக்கிறோம். பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் விழுகிறது.

சிபிசிடி என்பது எல்லாக் கம்பிகளையும் ஒரே வளையத்துக்குள் விட்டு வித்தியாசத்தை மட்டும் அளப்பது. கம்பிகள் வளையத்தின் நடுவே, நேராகப் போக வேண்டும். வளையத்தை ஒட்டியே கேபிளை வளைத்திருந்தால், ஸ்டார்ட்டிங்கின்போது ஆறு மடங்கு வரை ஏறும் மின்னோட்டம் வளையத்தின் ஒரு பக்கத்தை மட்டும் நிறைத்து, இல்லாத வித்தியாசத்தைக் காட்டும். கேபிளை நேராக்கி நடுவில் கட்டினாலே பல இடங்களில் சரியாகிவிடுகிறது. மிஞ்சினால் சிறிது தாமதம் வைக்கலாம். ஆர்மர் (உலோகக் கவசம்) உள்ள கேபிளாக இருந்து, ஆர்மரும் வளையத்துக்குள் போயிருந்தால், அதன் எர்த் கம்பியைத் திரும்ப வளையத்துக்குள் எதிர்த்திசையில் கொண்டுவந்து பிறகு எர்த் செய்ய வேண்டும்.

மழை பெய்தால்தான் விழுகிறது.

மழை பெய்யும்போதே மெக்கர் போடுங்கள். மறுநாள் வெயிலில் போட்டால் எல்லாம் நன்றாகவே காட்டும். ஐப்பசி, கார்த்திகையில் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலும் மொட்டைமாடிப் பெயர்ப்பலகை, தோட்ட விளக்கு, கூலிங் டவர் மோட்டார் ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கிறது. கேபிள் மேலிருந்து இறங்கி நுழையும் பெட்டிகளை முதலில் திறந்து பாருங்கள். தண்ணீர் கேபிள் வழியாகவே வழிந்து உள்ளே தேங்கியிருக்கும்.

திருமண மண்டபங்களில் இதன் இன்னொரு வடிவம் உண்டு. ஆடி முழுவதும் பூட்டிக் கிடந்த மண்டபம், ஆவணியின் முதல் முகூர்த்தத்தன்று விடியற்காலையில் கீசர்களைப் போட்டதும் இருளில் மூழ்கும். ஹீட்டர் எலிமெண்டுக்குள் நிரப்பியிருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு, ஓரம் சரியாக அடைபடாவிட்டால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே மெக்கர் போட்டு, அளவு குறைந்த எலிமெண்டைக் கழற்றி உலர்த்துங்கள். உலர்த்திய பிறகும் 1 மெகா ஓமுக்குக் கீழே நின்றால் மாற்றிவிடுங்கள்.

கணினிகள் மட்டும் இருக்கும் மாடி. 100 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கிறது.

ஒவ்வொரு கணினியின் பவர் சப்ளையிலும் உள்ள ஃபில்டர், நல்ல நிலையிலேயே 1 மில்லி ஆம்பியர் அளவில் எர்த்துக்குக் கசியவிடும். எர்த் கசிவைக் கண்டால் விழும் ஆர்சிசிபி, 100 மில்லி ஆம்பியர் என்றால் 50-க்கும் 100-க்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் விழலாம் என்பதுதான் அதன் தரநிலை. நிலையான கசிவை 30 மில்லி ஆம்பியருக்குள் வைத்திருப்பது நல்லது; ஒரே ஃபேஸில் என்றால் ஏறத்தாழ முப்பது கணினிகள். அதற்கு மேல் இருந்தால் சர்க்யூட்டைப் பிரித்துத் தனித்தனி ஆர்சிசிபி வையுங்கள். பிரிக்கும்போது ஒரு சர்க்யூட்டின் ஃபேஸோடு இன்னொன்றின் நியூட்ரல் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப் போனால் இரண்டுமே விழும்.

ஒரு மாடியில் ஹீட்டர் பழுதானால் கட்டிடம் முழுவதும் இருட்டாகிறது. மாடி பிரேக்கர் ஏன் முதலில் விழவில்லை?

மாடியில் உள்ள சிறு பிரேக்கரான எம்சிபிக்கு எர்த் ஃபால்ட் தனியாகத் தெரியாது. 63 ஆம்பியர் சி வகை எம்சிபி உடனடியாக விழ 315 முதல் 630 ஆம்பியர் வேண்டும். பழுது 250 ஆம்பியர் என்றால் அது சில நொடிகள் யோசிக்கும். அதற்குள் 160 ஆம்பியர், 0.1 நொடி என்று வைக்கப்பட்ட மெயின் விழுந்துவிடும். மாடிகளில் ஆர்சிசிபியோ எர்த் ஃபால்ட் காப்பு உள்ள எம்சிசிபி பிரேக்கரோ வைத்து, மெயினுக்கு 0.3 அல்லது 0.4 நொடி தாமதம் கொடுத்தால், பழுதுள்ள மாடி மட்டும் அணையும். மாடிகளில் அந்தக் காப்பு இல்லாமல் மெயினின் தாமதத்தை மட்டும் கூட்டுவதால் பயன் இல்லை.

எல்லாம் பார்த்தாகிவிட்டது. மாதம் ஒருமுறை விழுகிறது, காரணம் பிடிபடவில்லை.

எல்லாம் என்பதில் பிரேக்கரே தன் செட்டிங்கில் விழுகிறதா என்பதும் சேர்ந்ததா? பிரைமரி இன்ஜெக்ஷன் முறையில், பஸ்பார் வழியாகவே உண்மையான மின்னோட்டத்தைச் செலுத்திச் சோதித்தால், சிடி, அதன் கம்பி, ரிலீஸ் மூன்றும் ஒன்றாகச் சோதிக்கப்படும். ஃபேஸில் செலுத்தி நியூட்ரல் வழியே திருப்பி எடுத்தால் விழக் கூடாது. ஃபேஸில் மட்டும் செலுத்தினால் விழ வேண்டும். திரும்பிய நியூட்ரல் சிடி இந்தச் சோதனையில் ஒளியவே முடியாது.

அதிலும் சரியாக இருந்தால், சந்தேகமான ஃபீடர்களின் நான்கு கம்பிகளைச் சுற்றிப் பதிவுக் கருவியோடு லீக்கேஜ் கிளாம்ப்பை மாட்டி, அடுத்த முறை விழும்வரை விட்டுவிடுங்கள். ஒரு மருத்துவமனையில் அப்படி மாட்டி ஐந்து வாரம் காத்திருந்தோம். பதிவில் விழுந்த நேரம் அதிகாலை 4.10. அந்த நேரத்தில் ஓடியது சலவை அறையின் துணி உலர்த்தும் இயந்திரம் மட்டுமே. அதன் பின்பக்கத் தகட்டின் விளிம்பில் ஹீட்டர் கம்பி உரசி, அதிர்வில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. கம்பியின் மேல் உறை அரை அங்குலத்துக்குக் கறுத்து, உள்ளே செம்பு பளபளத்தது. ஈரத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தத் தகட்டைத் தொட்டபடிதான் ஊழியர்கள் தினமும் நின்றிருக்கிறார்கள்.